நன்றியுரை

பொன்னாடை போர்த்தும்போது மாசிலாமணி குனிந்தான். குனிய வேண்டிய தேவையே இல்லை, துணைவேந்தர் அவனைவிட அரையடி உயரம், கையை நீட்டினாலே தோளில் விழுந்துவிடும், ஆனாலும் குனிந்தான், குனிந்தபடி ஒரு கணம் நின்றான், புகைப்படக்காரருக்கு அந்தக் கணம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரிந்து வைத்திருப்பதுதானே அவன் தொழில் என்று மேடையின் கடைசி நாற்காலியில் இருந்த ஞானசுந்தரி நினைத்தாள். கைதட்டினாள். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் கண்ணில் படும். நன்றியுரை சொல்கிறவர்களுக்கு எந்த விழாவிலும் இந்த ஓரத்து நாற்காலிதான், ஏசிக் காற்று எட்டாது, ஒலிபெருக்கிப் பெட்டி காதுக்குள்ளேயே இரையும், பூச்செண்டு வராது, வந்தாலும் யாரோ வராமல் மிஞ்சியதாக இருக்கும். இத்தனை வருடப் பணியில் அவள் சொல்லாத நன்றி கிடையாது. பந்தல் போட்டவருக்குச் சொல்லியிருக்கிறாள், போன மாதம் ஆளே வராத கருத்தரங்குக்கு வந்திருந்து சிறப்பித்தமைக்குச் சொல்லியிருக்கிறாள். துறைத்தலைவர் ஆறுமுகநயினார் கூப்பிட்டு, ‘நன்றியுரை நீங்கதான் மேடம், ஒங்க ஸ்டூடண்ட்லா, பொருத்தமா இருக்கும்’ என்றபோது பல்வலி என்று சொல்லியிருக்கலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், சரி சார் என்றாள். சரி சார் என்று சொன்ன அந்த வாயை இப்போது உள்ளுக்குள் வைதாள். கீழே பிள்ளைகள் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள், அவள் வகுப்பில் தலையைக்கூட உயர்த்தாத பிள்ளைகள். மாசிலாமணி நிமிர்ந்தான். பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலிக் கையில் போட்டான், மற்றவர்கள் செய்வதுபோலச் சுருட்டி மேசைக்கடியில் தள்ளவில்லை, மடித்தான். அதைப் பார்த்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிஜிட்டல் கதைசொல்லல் ஆய்வகத் திறப்புவிழா. ஆய்வகம் என்றால் பழைய நூலகத்தின் பின்னறைதான், சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டி, நாலைந்து கணினியும் ஒரு மைக்கும் வைத்திருக்கிறார்கள், அங்கே இருந்த அகராதிகள் மாடிப்படிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. படைப்பெழுத்து என்று அவள் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்த பாடம் இப்போது படைப்பெழுத்தும் டிஜிட்டல் கதைசொல்லலும் ஆகிவிட்டது, அந்த உம் வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பாடத்தில் காலூன்ற இடமில்லை. முதல் மூன்று நொடியில் பார்வையாளரை நிறுத்துவது எப்படி என்று அவள் பாடம் நடத்துகிறாள். நிறுத்துவது, சந்தையில் போகிற மாட்டைக் கயிற்றைப் பிடித்து நிறுத்துவதுபோல. அவளே முப்பது வயதில் ஒரே ஒரு கதைத் தொகுப்பு போட்டவள், அதைப் படித்தவர்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவ்வளவு பேர்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்வாள், கேட்கிறவர்களும் நல்லது நல்லது என்பார்கள். சரி, இது எல்லாத்தையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆய்வகம், பஞ்சு, மூன்று நொடி எல்லாவற்றையும். நாலாவது அலகுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. நாலாவது அலகு, மாதிரிக் கதை: ‘கேட்டுக்கு அந்தப் பக்கம்’, ஆக்கம் மாசிலாமணி, ஆறு நிமிடக் காணொளி, நாற்பது லட்சம் பேர் பார்த்தது. பாடத்திட்டக் கூட்டத்தில் அவளும்தான் இருந்தாள். ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதினார்கள், அந்த ஏகமனதில் அவள் மனசும் சேர்ந்து கிடந்தது. ஜூன் மாதம் அவள் அதை நடத்த வேண்டும். தூது செல்லும் சிறுவனின் மனநிலையை விளக்குக, பத்து மதிப்பெண். அவள் விளக்குவாள். பிள்ளைகள் எழுதுவதைத் திருத்துவாள், இந்த விடை சரி, இந்த விடை கதைக்குப் பொருந்தாது என்று சிவப்பு மையில் கோடு இழுப்பாள்.

அந்தச் சிறுவன் அவள்தான். பையனாக்கிவிட்டான், அது ஒன்றுதான் வித்தியாசம், இல்லை, வேறு வித்தியாசமும் உண்டு, அதை இப்போது நினைக்க வேண்டாம். அவள் வளர்ந்தது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத வீடு. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, ஒரே கூரை, ஒரே சோறு, அவள் இரண்டாம் வகுப்பு படிக்கையில் நின்ற பேச்சு அப்பா சாகிறவரைக்கும் திரும்ப வரவில்லை. என்ன காரணம் என்று அம்மாவிடம் கேட்டால் அவர்ட்ட கேளு என்பாள், அப்பாவிடம் கேட்டால் அவகிட்ட கேளு என்பார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், முன்னறையில் இருந்து, ‘ஒங்கம்மாட்ட சொல்லு, கொழம்பு வாயில வைக்க முடியல’ என்பார். அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஓர் இருட்டு நடை. அந்த நடையைத் தாண்டுவதற்குள் அவள் அதை மாற்றிவிடுவாள். ‘அம்மா, அப்பாவுக்கு ரசம் இருந்தா போதுமாம்.’ அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, ‘ஒங்கப்பாட்ட சொல்லு, நான் ஒருத்தி இங்க செத்துக் கெடந்தாக்கூட நாத்தம் வந்தபெறகுதான் தெரியும்னு’ என்பாள். அவள் போய், ‘அம்மாவுக்குத் தலைவலியாம்’ என்பாள். இல்லாத தலைவலி. ஒருமுறை அதற்கு அப்பா எழுந்து போய்த் தைலம் வாங்கிவந்து, தேச்சுக்கிடச் சொல்லு என்று அவள் கையில் கொடுத்தார், அம்மாவும் அதை வாங்கி ஒன்றும் கேட்காமல் நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனை, அதற்கப்புறம் எந்த பஸ்ஸில் யார் தைலம் தேய்த்தாலும் அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வகுப்பில் சொன்னாள். கதைசொல்லியை எவ்வளவு நம்பலாம் என்பது பாடம், பிள்ளைகள் சோற்று மயக்கத்தில் சரிந்துகொண்டிருந்தார்கள், எந்த எடுத்துக்காட்டும் ஏறவில்லை, வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வாய்தவறி என்று இப்போது சொல்லிக்கொள்கிறாள், அன்றைக்கு ஆசையாகத்தான் சொன்னாள். நடை, ரசம், தைலம் எல்லாம் சொன்னாள், குரல் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது, மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது, மூன்றாவது பெஞ்சில் இருந்த கோவில்பட்டிக்காரப் பையன் ஒருவன் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தான். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகிறவரைக்கும் அந்தப் பேனாவை நினைத்துக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். அவன் கதையை எடுத்தான்.

எடுத்ததை என்ன செய்திருக்கிறான் என்று பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள், ஒருமுறை இல்லை, கணக்கில்லாமல் பார்த்தாள், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். வாத்தியாரை ரயில்வே கேட்கீப்பர் ஆக்கியிருந்தான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கேட் ரூம், அந்தப் பக்கம் வீடு, நடுவில் ஒரு பையன் சோற்றுத் தூக்கோடு போகிறான் வருகிறான், ரயில் வரும்போது கேட் இறங்கும், பையன் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வாய்க்குள் வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பான், ரயில் போய் முடிவதற்குள் அந்தச் செய்தி வேறாகியிருக்கும். அவளுடைய இருட்டு நடையை ரயில் பாதையாக மாற்றிவிட்டான் படுபாவி. அது நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று, ஒத்துக்கொண்ட பிறகு அவன்மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை, கெட்டியானது. மோசமாகச் செய்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பாள். முடிவு இன்னும் மோசம், அதாவது இன்னும் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கிடக்கிறார், பையன் வளர்ந்துவிட்டான், அப்பா வாயைத் திறந்து, ‘ஒங்கம்மாட்ட சொல்லு’ என்கிறார், அவ்வளவுதான், உயிர் போய்விடுகிறது. வாசலில் அம்மா நிற்கிறாள். என்னல சொன்னாரு என்கிறாள். பையன் அம்மாவைப் பார்க்கிறான், திரை இருட்டாகிறது, தூரத்தில் கேட் மணி. அதை அவள் வகுப்பில் சொல்லவில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் அது நடக்கவில்லை. அப்பா சாகும்போது அவள் மைசூரில் ஒரு பயிலரங்கத்தில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வந்து சேர்ந்தபோது அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார், மூக்கில் பஞ்சு. ஆனால் இப்போது கண்ணை மூடினால் அவளுக்குக் கட்டில் தெரிகிறது. பச்சைப் பெயின்ட் உரிந்த இரும்புக் கட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து, அப்பாவின் கீழுதடு நடுங்குவது, அவள் பார்க்காத எல்லாம், அவன் எடுத்த கோணத்திலேயே. மைசூரில் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், போன் வந்தபோது எந்த அறையில் இருந்தாள் என்று யோசித்தால் மங்கலாக இருக்கிறது, அழிந்துகொண்டு வருகிறது. கதையை எடுத்தவன் கதையோடு விடவில்லை, அவளிடம் இருந்ததையும் துடைத்துவிட்டு இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்தப் போலீசில் போய் எதைச் சொல்வது.

துணைவேந்தர் பேசிக்கொண்டிருந்தார், உலகமே இன்று கதைகளால் ஆனது என்றார், கதையால் ஒரு சோப்பை விற்கலாம், ஒரு தேசத்தையும் விற்கலாம் என்றார், என்ன சொல்ல வந்தாரோ, பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலி ஆறுமுகநயினாருடையது, அவர் மைக் சரிசெய்ய எழுந்துபோன இடைவெளியில் மாசிலாமணி அதில் வந்து உட்கார்ந்தான். சென்ட் வாசனை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். ‘சௌக்கியமா மேடம்?’ என்றான். ‘இருக்கேன்’ என்றாள். ‘வீடியோ பாத்தீங்களா?’ ‘பாத்தேன்.’ ‘ஒண்ணும் சொல்லலியே நீங்க. ரெண்டு தடவை மெசேஜ் போட்டேன்.’ அவள் கூட்டத்தைப் பார்த்தபடியே, முகத்தில் மேடைச் சிரிப்பு மாறாமல், ‘என்ன சொல்லணும்?’ என்றாள். அவன் தலையைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காத குரலில், ‘ஒங்ககிட்ட கேட்டுருக்கணும் மேடம். கேட்டா வேண்டாம்னுருவீங்கன்னுதான் கேக்கல’ என்றான். ‘ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.’ ‘அஞ்சு வருசம் பாத்தேன். எந்தப் பத்திரிகை வந்தாலும் ஒங்க பேரு இருக்கான்னு மொதல்ல பாப்பேன். நீங்க எழுதிருவீங்கன்னு நெனச்சேன்.’ பாட்டிலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினான். ‘நீங்க எழுதலியே மேடம்.’ அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிக் குத்தலாம். பஸ் வரவில்லையே என்பதுபோலச் சொன்னான், நடந்ததைச் சொன்னான், எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டான். அவள் பாட்டிலைத் தொடவில்லை. நீங்க எழுதலியே. எழுதலியே என்றால் பொதுச் சொத்தா, காம்பவுண்டு இல்லாத மனையா, யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டுக்கொள்ளலாமா. எத்தனை முறை உட்கார்ந்திருப்பாள். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று தொடங்குவாள், அந்த ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்த வாக்கியம் அம்மா முகத்தோடு வந்து நிற்கும், என்னத்தட்டி எழுதுத என்று கேட்கும், பேப்பரை மூடிவிடுவாள். அம்மா போனபிறகு எழுதலாம் என்று ஒரு நாள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவனுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. அவனுக்குக் குறுக்கே நிற்க யாருடைய முகமும் இல்லை.

இப்போது அவன் பேசினான். குறிப்புத் தாள் இல்லை, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை நுனிக்கு வந்துவிட்டான். ‘எனக்கு எழுதக் கத்துக்குடுத்தது ஞானம் மேடம்’ என்றான். கைதட்டல், எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது, அவள் கும்பிட்டாள், கும்பிட்ட கை தன்னுடையது மாதிரி இல்லை. ‘எங்க வீட்ல ரெண்டு பேரு பேசிக்காம இருந்தாங்க. நடுவுல நான் இருந்தேன்’ என்றான். சொல்லிவிட்டு நிறுத்தினான். எங்க வீட்ல. அவளுக்கு அவன் வீடு தெரியும். பட்டமளிப்பு விழாவுக்கு அவன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், அந்த அம்மா ஒரு நிமிடம் வாயை மூடவில்லை, கருவாட்டைப் பற்றியும் பஸ் சீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள், அந்த மனுஷர், ‘இவ பேச்சக் கேட்டுத்தான் மேடம் எனக்குக் காது மந்தமாயிட்டு’ என்று சிரித்தார், அந்த அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், இரண்டு பேரும் வராந்தாவில் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் காப்பி குடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஞானசுந்தரி பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு இது எதற்கு. இருக்கிறவனுக்கு இல்லாதவளிடம் இருந்த ஒன்றே ஒன்றும் வேண்டியிருந்திருக்கிறது. இப்போதே எழுந்து சொல்லலாம், இவன் அம்மாவையும் அப்பாவையும் நான் பார்த்திருக்கிறேன், இவன் சொல்வது பொய் என்று. ஒரே வாக்கியம். துணைவேந்தர் முகம் என்ன ஆகும், ஆறுமுகநயினார் எந்தப் பக்கம் ஓடுவார், பிள்ளைகள் அதையும் படம் பிடிப்பார்கள், சாயங்காலத்துக்குள் அது நாற்பது லட்சம் பேருக்குப் போகும், முதல் மூன்று நொடியில் அவளுடைய திறந்த வாய். பொறாமை பிடித்த டீச்சர் என்று போடுவார்கள். போட்டால் போடட்டும் என்று ஒரு மனசு. அம்மாவுக்கும் யாராவது காட்டுவார்களே என்று ஒரு மனசு.

ஏனென்றால் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒருத்தி காட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டு லில்லி, போன மாதம், பாருங்க பாட்டிம்மா எவ்வளவு நல்லாருக்கு என்று போனைக் கையில் கொடுத்துவிட்டாள். ஞானசுந்தரி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஹாலில் கேட் மணிச் சத்தம், சோபாவில் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை மூக்குக்குக் கிட்டே வைத்திருக்கிறாள். செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். படம் முடிந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எண்பதை நெருங்குகிறாள், அப்பா செத்த வீட்டில்கூட அழாமல் வந்தவர்களுக்குப் பாய் விரித்தவள், இப்போது அழுதாள். ‘பாவம் அந்தப் பய’ என்றாள். அவ்வளவுதான். போனை லில்லியிடம் நீட்டினாள். தெரியவில்லையா, இல்லை தெரிந்துதான் இப்படிச் சொல்கிறாளா என்று லில்லி கிளம்புகிறவரைக்கும் ஞானசுந்தரி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. லில்லி போனபிறகு இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டு, இத்தனை வருடம் கேட்காததை, எவனோ எடுத்த படம் கேட்கவைத்ததை, கேட்டாள். ‘அம்மா, அப்பா கடைசில ஏதாவது சொன்னாரா, ஒங்கிட்ட?’ அம்மா இட்லியைப் பிட்டாள். ‘சொன்னாரு’ என்றாள். ‘பேசினாரா, ஒங்கிட்டயா?’ ‘பெறகு யாருட்ட? நான் ஒருத்திதான அங்க இருந்தேன்.’ ‘என்னம்மா சொன்னாரு?’ அம்மா பிட்டதைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்து மென்று விழுங்கினாள். ‘அது எதுக்கு ஒனக்கு’ என்றாள். ‘சொல்லும்மா.’ ‘ஒங்கிட்ட சொன்னா நீ அத வேற மாதிரில்லா சொல்லுவ’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு இட்லி வை என்றாள். வைத்தாள். அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. ரசம் தெரிந்திருக்கிறது, தலைவலி தெரிந்திருக்கிறது, இல்லாத தலைவலிக்குத் தெரிந்தே தைலம் தேய்த்திருக்கிறாள். அந்த வீட்டைத் தான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து அந்த நடையில் அலைந்த அத்தனை வருடமும் அவர்கள் இரண்டு பேரும் அவளுக்கு மேலாக, அவளை ஒரு பழைய ரேடியோ மாதிரி நடுவில் வைத்துக்கொண்டு, கரகரப்பை நீக்கிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் செய்த முதல் கதை. முதலிலேயே பிடிபட்டுவிட்ட கதை. அதை அம்மாமேல் கோபமாக்க முடியவில்லை. கோபம் எங்கேயாவது போயாக வேண்டும் அல்லவா. அதற்கு மாசிலாமணி வசதியாக அகப்பட்டான்.

கேள்வி நேரம். முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள், இரண்டாமாண்டு சண்முகவடிவு, வகுப்பில் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவள், கேட்டாலும் பாதிதான் சொல்வாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘சார், கடைசில அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?’ என்றாள். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். ஞானசுந்தரியும் நிமிர்ந்தாள், தன்னை மீறி நிமிர்ந்தாள், அவளுக்கும் அது வேண்டியிருந்தது, அவன் என்ன சொல்வான் என்று, ஏதாவது சொல்லட்டும், அவன் கண்டுபிடித்த கட்டில் அவளுக்குள் வந்துவிட்டதுபோல அந்தச் சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும், அதோடு முடியட்டும். மாசிலாமணி தரையைப் பார்த்தான். ‘அதை மட்டும் சொல்ல மாட்டேன்மா. அது எனக்கும் எங்கம்மாவுக்கும்’ என்றான். கைதட்டல் கூரையை இடித்தது. சண்முகவடிவு உட்காரவில்லை, தட்டவும் இல்லை, மைக்கைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, பக்கத்துப் பெண் இழுக்கவும் உட்கார்ந்தாள். ஞானசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. அவனிடம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டும் மணிச் சத்தமும்தான். அம்மாவிடம் இருக்கிறது, அவள் தரமாட்டாள். இவனிடம் இல்லை, இருப்பதுபோலக் காட்டிக் கைதட்டு வாங்குகிறான். எங்கம்மா, எங்கம்மா என்று எப்படி வாய் கூசாமல். இனிமேல் பொறுக்க முடியாது. ஆறுமுகநயினார் மைக்கில், ‘நிறைவாக நன்றியுரை, முனைவர் ஞானசுந்தரி அவர்கள்’ என்றார்.

எழுந்தபோது சேலை நாற்காலி ஆணியில் மாட்டிக்கொண்டது, விடுவித்துக்கொண்டு நடந்தாள். மைக் உயரமாக இருந்தது, யாரும் இறக்கிவைக்கவில்லை. மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கு நன்றி. பதிவாளருக்கு, துறைத்தலைவருக்கு, ஆய்வகத்துக்கு வண்ணம் பூசியவர்களுக்கு, ஒலியமைப்பாளருக்கு. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது, பழகிய வாய். பிள்ளைகள் பையை எடுத்து மடியில் வைக்கத் தொடங்கினார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் நழுவினார்கள். சிறப்பு விருந்தினர் மாசிலாமணி, என்று நிறுத்தினாள். அவன் அவளைப் பார்த்தான். முதல்முறையாக அந்த முகத்தில் பயம் தெரிந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது, கெட்ட சந்தோஷம்தான், இருக்கட்டும். ‘மாசிலாமணி இங்க சொன்ன கதை’ என்றாள். மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள். ‘அது என் கதை. அந்தப் பையன் நான்தான். எங்க அப்பாவும் அம்மாவும்தான் பேசிக்காம இருந்தாங்க.’ சொல்லிவிட்டாள். இத்தனை வருடமாக எழுத வராததை மூன்று வாக்கியத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ தட்டினார்கள், பக்கத்தில் தட்டினார்கள், பின்னால் நழுவிப்போன இரண்டு பேரும் வாசலில் நின்று திரும்பித் தட்டினார்கள், அரங்கமே எழுந்துவிட்டது, சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துணைவேந்தர் தலையை ஆட்டி ஆட்டி ஆறுமுகநயினாரிடம் என்னவோ சொன்னார், அவர் எட்டி மைக்கைப் பிடித்து, ‘பாருங்க, இதுதான் கதையோட வெற்றி, கேக்கிற ஒவ்வொருத்தரும் இது என் கதைன்னு சொல்லணும், நம்ம மேடமே சொல்லிட்டாங்க’ என்றார். ‘இல்ல சார், நான் சொல்ல வந்தது’ என்று அவள் தொடங்கினாள், மைக் அவள் கையில் இல்லை. மாசிலாமணி வந்து குனிந்து அவள் காலைத் தொட்டான். இந்தமுறை அவன் யாருக்காகவும் நிற்கவில்லை, சட்டென்று தொட்டு எழுந்தான், எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, அது நடிப்பா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாதது இன்னும் வெறுப்பாக இருந்தது. பதில் சொல்ல நேரமில்லை, நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள். எல்லாரும் விறைத்து நின்றார்கள். அவளும் நின்றாள், கையை உடம்போடு ஒட்டி, பக்கத்தில் அவன் தோள் அவள் தோளில் இடிக்கும் தூரத்தில். உண்மையைச் சொன்னால் உலகம் புரண்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு மடத்தனம். அதற்கும் ஒரு கைதட்டு போட்டு, நன்றியுரைக்குள்ளேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் இருக்கிற வராந்தாவில் தேநீர் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை, படியிறங்கிப் பின்பக்கமாக வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள், யார் முகத்தையும் பார்க்கிற தெம்பில்லை. ‘மேடம்’ என்று குரல். சண்முகவடிவு. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கியது, பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள். ‘என்ன?’ என்றாள் ஞானசுந்தரி, எரிச்சல் குரலில் நன்றாகவே தெரிந்தது. ‘நீங்க சொன்னது நெசந்தான மேடம்?’ ஞானசுந்தரி ஆணியில் மாட்டிய சேலை ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். ‘எல்லாரும் சும்மா சொன்னீங்கன்னு நெனைக்காங்க. நான் நெனைக்கல. நெசமாத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்.’ ‘எப்படித் தெரியும்?’ அந்தப் பெண் வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ‘எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம். நாலு வருசமா. நான்தான் நடுவுல.’ ஞானசுந்தரிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதை அவள் தெளிவாகவே கவனித்தாள். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நாக்கை நீட்டியது, இவள் எதை எப்படி மாற்றினாள், எந்த இடத்தில் மாற்றினாள், ரயில் கேட்டும் இருட்டு நடையும் இல்லாத வீட்டில் எங்கே நின்று மாற்றினாள் என்று. மூன்றாவது பெஞ்சில் பேனாவைக் கீழே வைத்தவனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ‘இத யார்ட்டயும் சொல்லாத’ என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. ‘கிளாஸ்ல சொல்லாத, ஆய்வகத்துல போய் மைக்குல சொல்லாத. எழுதுறதா இருந்தா இன்னைக்கே ஒக்காந்து எழுது. இல்லன்னா வாய மூடிக்கிட்டு இரு. என்கிட்டயும் சொல்லாத.’ சண்முகவடிவு சரி மேடம் என்று தலையாட்டினாள். போகவில்லை. பையின் வாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். ‘போன வாரம் எங்கப்பா ஒண்ணு சொல்லி விட்டாரு மேடம்’ என்றாள். ‘அத அப்படியே போய் எங்கம்மாட்ட சொல்லிட்டேன். மாத்தவே இல்ல. வேணும்னுதான் மாத்தல.’ சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். போ என்று சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், காதைப் பொத்திக்கொண்டாவது நடந்துவிட வேண்டும் என்று ஞானசுந்தரிக்குத் தெரிந்தது. வேப்பங்காய் ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

‘பெறகு?’ என்று கேட்டாள்.